கதவில் ஐந்து பொத்தான், கையில் ஒரு திறப்பு

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் ஒருக்கா சுருக்கி எழுதிவிடுகிறேன். இதே நிலைமையில் இருக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். கனடாவுக்கு வந்து நாலு மாதம். ஸ்காபரோவில் ஒருவரிடம் நேரடியாக 2016 ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள், பொத்தானை அழுத்தி இயக்குகிற வகை. சாரதிப் பக்கக் கதவின் கண்ணாடி ஓரத்தில் கறுப்புப் பட்டையைத் தொட்டால் ஐந்து இடத்தில் இலக்கங்கள் ஒளிர்கின்றன: 1·2, 3·4, 5·6, 7·8, 9·0. விற்றவர் ஒரு திறப்புத்தான் (சாவிதான்) தந்தார். இலக்கத்தைக் கேட்டதற்கு "நான் அதைப் பாவிக்கிறதே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இது என்ன, இதை வைத்து யாரும் காரைத் திறக்கலாமோ, இலக்கத்தை எப்படி எடுப்பது என்பதுதான் உங்கள் கேள்வி.

கீபேடை, அதாவது அந்த இலக்கப் பட்டையைப் பற்றிப் பயப்படுகிறதை விட, வராமல் போன அந்த இரண்டாவது திறப்பைப் பற்றி யோசியுங்கோ. ஏன் என்று கீழே வரும்.

இலங்கையிலோ இந்தியாவிலோ இப்படி ஒன்றைக் கண்டிருக்கமாட்டீர்கள். இது பெரும்பாலும் வட அமெரிக்கச் சந்தைக்கான ஃபோர்ட், லிங்கன் வாகனங்களிலும், இப்போது இல்லாமற்போன மெர்க்குரி வாகனங்களிலும் வந்த சாமான். 1980 ஆம் ஆண்டு மாடல்களில் தண்டர்பேர்ட், கூகர், லிங்கன் கார்களில் முதலில் போட்டார்கள். பெயர் செக்கியூரிகோட். நாற்பது வருடத்துக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை: ஐந்து பொத்தான், ஐந்து இலக்கக் கோட் (இரகசிய எண்). முன்பு கதவுத் தகட்டில் ரப்பர் பொத்தானாக இருந்தது, பிறகு கண்ணாடியோரப் பட்டைக்குள் தொடுபலகையாக மறைந்துவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கீபேட் கதவைத்தான் திறக்கும், இஞ்சினை இயக்காது. கோட் தெரிந்த ஒருவர் உள்ளே ஏறி இருக்கலாம், ஆனால் பதிவு செய்த திறப்பு காருக்குள் இல்லாவிட்டால் ஸ்டார்ட் பொத்தானை எத்தனை தரம் அழுத்தினாலும் "திறப்பைக் காணவில்லை" என்றுதான் திரையில் வரும். மஸ்டாங் மாக்-ஈ போன்ற புதிய மின்சார வாகனங்களில் திரையில் அடித்து வாகனத்தை இயக்குகிற அவசரக் கோட் ஒன்று இருக்கிறது. அது வேறு, கதவுக் கோட் வேறு. உங்கட காரில் அந்தச் சிக்கல் இல்லை.

இனிக் கோட்டுக்கு வருவோம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தொழிற்சாலையில் வைத்துவிடுகிற ஐந்து இலக்கக் கோட். அதை யாராலும் கீபேடில் அடித்து மாற்றவோ அழிக்கவோ முடியாது. பற்றரியைக் கழற்றிப் பூட்டினாலும், புதுப் பற்றரி போட்டாலும் அது அப்படியே நிற்கும். மற்றது, அந்தத் தொழிற்சாலைக் கோட்டைத் தெரிந்தவர் தனக்கென்று வைத்துக்கொள்கிற தனிக் கோட். உங்கட மாடலில் ஐந்து பேருக்கு ஐந்து தனிக் கோட் வைக்கலாம். தொழிற்சாலைக் கோட் என்பது தாய்த் திறப்பு மாதிரி. அது இல்லாமல் தனிக் கோட் வைக்கவும் முடியாது, பழைய ஆள் வைத்ததை அழிக்கவும் முடியாது. ஆகையால் முதல் வேலை அதைக் கண்டுபிடிப்பது.

புதுக் கார் வாங்கினால் கைநூலோடு பணப்பைக்குள் வைக்கிற அளவில் ஒரு சின்ன அட்டை வரும், அதில் ஐந்து இலக்கம் அச்சிட்டிருக்கும். பயணிப் பக்க டாஷ்போர்ட் பெட்டிக்குள் கைநூல் உறை இருந்தால் அதன் எல்லா மடிப்பையும் பாருங்கோ. சிலர் அதைக் கைநூலின் கடைசிப் பக்கத்தில் பேனாவால் எழுதி வைத்திருப்பார்கள். சூரிய மறைப்புத் தகட்டின் பின்பக்கத்தில் ஒட்டி வைத்தவர்களும் உண்டு. அங்கே எழுதுவதில் என்ன இரகசியம் என்று கேட்காதையுங்கோ.

அட்டை இல்லாவிட்டால், உங்கட காரே இலக்கத்தைத் திரையில் காட்டும். ஆனால் அதற்கு பதிவு செய்த இரண்டு திறப்புகள் வேணும். முறை இது: காருக்குள் இருந்து, முதல் திறப்பை அதற்கான மாற்று இடத்தில் வையுங்கோ. திறப்பின் பற்றரி செத்தாலும் கார் அதை உணரக்கூடிய ஒரு குறித்த இடம் அது. சில மாடல்களில் நடுப்பெட்டிக்குள், சிலவற்றில் கோப்பை வைக்கும் குழிக்குள், சிலவற்றில் ஸ்டியரிங் தண்டோடு. கைநூலில் படம் போட்டிருப்பார்கள். இரண்டாவது திறப்பு அந்த நேரம் காருக்கு வெளியே, கொஞ்சம் தள்ளி இருப்பது நல்லது. பிரேக்கை மிதிக்காமல் ஸ்டார்ட் பொத்தானை ஒருக்கா அழுத்துங்கோ. இஞ்சின் ஓடாது, மின்சாரம் மட்டும் வரும். சில செக்கன் பொறுத்துத் திரும்ப அழுத்தி நிறுத்துங்கோ. முதல் திறப்பை எடுத்துவிட்டு அதே இடத்தில் இரண்டாவதை வைத்து, திரும்பவும் பிரேக் மிதிக்காமல் அழுத்துங்கோ. சாரதிக்கு முன்னால் உள்ள திரையில் ஐந்து இலக்கம் சில செக்கன் தோன்றி மறையும். வேறு எச்சரிக்கைகள் இருந்தால் (ஒயில், ரயர் காற்று, கதவு திறந்திருக்கிறது) அவை முதலில் வந்துதான் கோட் வரும். அதனால் கதவுகளைச் சாத்திவிட்டு, கைத்தொலைபேசியில் படம் எடுக்கத் தயாராக இருங்கோ. இரும்புத் திறப்பைச் செருகித் திருகுகிற வகை என்றாலும் இதே ஒழுங்குதான்: முதல் திறப்பில் ஒன், சில செக்கன், ஓஃப். பிறகு இரண்டாவதில் ஒன்.

ஏன் இரண்டு திறப்பு கேட்கிறார்கள்? வாலே பார்க்கிங்கில் உங்கட காரை வாங்கிக் கொண்டுபோய் நிறுத்துபவரிடமோ, ஒயில் மாற்றுகிற கராஜிலோ நீங்கள் கொடுப்பது ஒரு திறப்பைத்தான். ஒன்றை மட்டும் வைத்துத் தாய்க் கோட்டை எடுக்க முடிந்தால் அவர்கள் எல்லாரும் எடுத்துவிடுவார்கள். இரண்டும் கையில் இருப்பவர்தான் உரிமையாளர் என்று கார் நம்புகிறது.

இங்கேதான் உங்கட சிக்கல். கையில் ஒன்றுதான் இருக்கிறது.

ஃபோர்டில் இரண்டு பதிவுத் திறப்பு இருந்தால் மூன்றாவதை நீங்களே காருக்குள் இருந்து பதிந்துகொள்ளலாம். ஒன்று மட்டும் இருந்தால் டீலரோ, கருவி வைத்திருக்கிற லொக்ஸ்மித்தோதான் பதியவேணும். எப்படியும் ஒருக்கா காசு போகத்தான் போகிறது. அப்படிப் போகும்போது "ஒரு திறப்பைச் சேர்த்துத் தாருங்கோ" என்று மட்டும் கேட்காதையுங்கோ. "பழைய திறப்புகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இந்த இரண்டையும் மட்டும் புதிதாகப் பதியுங்கோ" என்று கேளுங்கோ. வெறுமனே சேர்த்தால், விற்றவரின் வீட்டு மேசை இழுப்பறைக்குள் கிடக்கிற அந்தப் பழைய திறப்பு இன்னும் உங்கட காரைத் திறக்கும், இயக்கும், ஓட்டிக்கொண்டும் போகும். அவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும். அவருக்கு முந்தின ஆள் யார் என்று உங்களுக்குத் தெரியாது. கீபேட் கோட் தெரிந்தவர் உங்கட குடையையும் சில்லறைக் காசையும் எடுப்பார். திறப்பு வைத்திருப்பவர் காரையே எடுப்பார்.

அழித்துப் பதியும்போது குறைந்தது இரண்டு திறப்பு பதிந்தால்தான் ஃபோர்ட் கார் இயங்கும். ஆகவே நீங்கள் வைத்திருப்பதையும் கட்டாயம் கொண்டுபோகவேணும். அந்த வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும், மேலே சொன்ன முறையில் கோட்டையும் எடுத்துவிடலாம். அதற்கென்று தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. அல்லது டீலரிடமே அந்த நேரம் கருவியில் பார்த்துச் சொல்லச் சொல்லலாம். ஓனர்ஷிப் பத்திரமும் ஓட்டுநர் உரிமமும் உங்கட பெயரில் இருக்கவேணும், காரும் அங்கே நிற்கவேணும். தொலைபேசியில் கேட்டால் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஒன்ராறியோவில் தனியாரிடம் வாங்கும்போது விற்பவர் தருகிற பழைய வாகனத் தகவல் பொதியிலும் இந்தக் கோட் இருக்காது. வாகன அடையாள எண்ணை அனுப்பினால் கோட் அனுப்புகிறோம் என்று இணையத்தில் காசு கேட்பவர்களிடம் போகாதையுங்கோ.

பழைய வாகனம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. திரையில் காட்டாத மாடல்களில் கோட், கதவுகளைக் கட்டுப்படுத்துகிற மின்பெட்டியின் மேல் ஒட்டிய தாளில் இருக்கும். அந்தப் பெட்டி மாடலுக்கு மாடல் வேறு வேறு இடத்தில்: டாஷ்போர்டின் கீழ், பயணியின் கால்பக்கத்துப் பலகைக்குள், பின்னால் ஜாக் வைக்கிற மூடிக்குள், சில பழைய கார்களில் டிக்கி மூடியின் உட்பக்கத்து ஒட்டியில். தாளில் கன இலக்கங்கள் இருக்கும், தனியே நிற்கிற ஐந்து இலக்கத்தைத் தேடவேணும்.

கோட் கிடைத்துவிட்டது என்று வையுங்கோ. இனிப் பாவிக்கிற விதம்.

ஐந்து இலக்கத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்துங்கோ. ஒரு அழுத்தலுக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஐந்து செக்கனுக்கு மேல் போனால் முதலில் இருந்து தொடங்கவேணும். சரியாக அடித்தால் சாரதிக் கதவு மட்டும் திறக்கும். அதிலிருந்து ஐந்து செக்கனுக்குள் 3·4 ஐ அழுத்தினால் மற்றக் கதவுகளும் திறக்கும். 5·6 ஐ அழுத்தினால் பின்கதவு, அதாவது டிக்கி. பூட்டுவதற்குக் கோட்டே தேவையில்லை: சாரதிக் கதவைச் சாத்திவிட்டு 7·8, 9·0 இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் எல்லாம் பூட்டிக்கொள்ளும். இந்தக் கடைசி விசயம் தெரியாமல் கனபேர் வருடக்கணக்காக ஓடுகிறார்கள். இரண்டு கையிலும் பலசரக்குப் பையோடு நிற்கும்போது அருமை விளங்கும்.

உங்களுக்கென்று தனிக் கோட் வைக்க: தொழிற்சாலைக் கோட்டின் ஐந்து இலக்கத்தையும் அடியுங்கோ. ஐந்து செக்கனுக்குள் 1·2 ஐ ஒருக்கா அழுத்துங்கோ. உடனே உங்கட புதிய ஐந்து இலக்கத்தை அடியுங்கோ. பிறகு எந்த ஆளுக்கு என்று சொல்லும் பொத்தான்: முதல் ஆள் என்றால் 1·2, இரண்டாம் ஆள் 3·4, மூன்றாம் ஆள் 5·6, நாலாம் ஆள் 7·8, ஐந்தாம் ஆள் 9·0. கதவுகள் ஒருக்காப் பூட்டித் திறந்தால் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். சத்தம் ஒன்றும் வராவிட்டால் எங்கோ ஐந்து செக்கன் தாண்டிவிட்டது, திரும்பச் செய்யுங்கோ. பெரும்பாலானவர்கள் பிழைவிடுவது கடைசிப் பொத்தானில்தான். ஐந்து இலக்கத்தோடு முடிந்தது என்று விட்டுவிடுவார்கள்.

சாரதி இருக்கை நிலையை நினைவில் வைக்கிற வசதி உள்ள மாடல் என்றால் முதல் ஆளின் கோட்டை அடித்தால் அவருக்குரிய இருக்கையும் கண்ணாடியும் தானாக நகரும். வீட்டில் உயரமான ஒருவரும் கட்டையான ஒருவரும் மாறி மாறி ஓட்டினால் இது நல்ல உதவி. தொழிற்சாலைக் கோட்டை அடித்தால் இருக்கை அசையாது.

பழைய ஆட்கள் வைத்த தனிக் கோட்டுகளை அழிக்க: தொழிற்சாலைக் கோட்டை அடித்து, ஐந்து செக்கனுக்குள் 1·2 ஐ அழுத்தி விட்டு, திரும்ப 1·2 ஐ இரண்டு செக்கன் அழுத்திப் பிடியுங்கோ. எல்லாத் தனிக் கோட்டும் போய்விடும். தேர்ந்தெடுத்து ஒன்றை மட்டும் அழிக்க இந்த முறையில் முடியாது. ஆகவே முதலில் அழிப்பு, பிறகு உங்கட கோட், என்ற ஒழுங்கில் செய்யுங்கோ. மாறிச் செய்தால் உங்கடதும் சேர்ந்து போய்விடும்.

இப்ப "யாரும் கண்டுபிடித்துத் திறந்துவிடலாமோ" என்ற பயத்துக்கு வருவோம். இதில் கணக்குக் கொஞ்சம் இருக்கிறது.

ஐந்து இலக்கம் என்றதும் ஒரு இலட்சம் வாய்ப்பு என்று நினைப்போம். இல்லை. பத்து இலக்கத்தையும் ஐந்து பொத்தானில்தான் அடைத்திருக்கிறார்கள். காருக்கு நீங்கள் ஒன்றை அழுத்தினீர்களா இரண்டை அழுத்தினீர்களா என்று தெரியாது, முதல் பொத்தான் அழுத்துப்பட்டது என்று மட்டும்தான் தெரியும். 1-3-5-7-9 உம் 2-4-6-8-0 உம் அதற்கு ஒரே கோட். ஆகவே உண்மையான எண்ணிக்கை ஐந்தை ஐந்து தரம் பெருக்கினால் வருவது, 3125.

பழைய கீபேட்களுக்கு இன்னொரு பலவீனம். அவை கடைசியாக அழுத்திய ஐந்தை மட்டும் பார்க்கும். எங்கே தொடங்கினீர்கள் என்று பார்க்காது. அதனால் ஒரு அழுத்தலை அடுத்த கோட்டின் பகுதியாகவும் பாவித்து, சங்கிலி மாதிரிக் கோர்த்தால் 3125 கோட்டையும் 3129 அழுத்தலில் முடித்துவிடலாம். கணக்குப் படித்தவர்களுக்கு டி புருயின் வரிசை என்றால் விளங்கும். செக்கனுக்கு இரண்டு அழுத்தல் என்றால் அரை மணி நேரம்கூட இல்லை. இதை மறிக்கத்தான் பிந்திய மாடல்களில் ஒரு காவல் வைத்தார்கள்: பிழையாக ஏழு கோட், அதாவது தொடர்ந்து 35 அழுத்தல் ஆனதும் கீபேட் ஒரு நிமிடம் வேலை செய்யாது, விளக்கு மின்னிக்கொண்டு இருக்கும். அந்த ஒரு நிமிடம் ஒருவரும் தொடாமல் கழியவேணும். அல்லது ரிமோட்டில் திறக்கிற பொத்தானை அழுத்தவேணும், அல்லது காரை ஒன் செய்யவேணும். சங்கிலி வித்தையை வைத்துப் பார்த்தாலும் கீபேட் நூறு தரம் பூட்டிக்கொள்ளும். நூறு நிமிடம் ஒரு காருக்குப் பக்கத்தில் நின்று தட்டிக்கொண்டிருக்கிற கள்ளன் இல்லை, அவன் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போய்விடுவான். நீங்களே பிழையாக அடித்து கீபேட் மின்னத் தொடங்கினால் உடைந்துவிட்டது என்று நினைக்காதையுங்கோ, கையை எடுத்து ஒரு நிமிடம் பொறுங்கோ.

பிழையான கோட் தெரிவுதான் உண்மையான ஓட்டை. 1-1-1-1-1 வேண்டாம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் 1-2-1-2-1 என்று வைத்தால் அதுவும் ஒரே பொத்தானை ஐந்து தரம் அழுத்துவதுதான். 1-2-3-4-5 என்பது முதல் பொத்தான் இரண்டு தரம், இரண்டாவது இரண்டு தரம், மூன்றாவது ஒருக்கா. மேலிருந்து கீழாகத் தட்டுகிற எவரும் தற்செயலாகக்கூடத் திறந்துவிடுவார்கள். எங்கட ஆட்கள் வழக்கமாக வைப்பது கைத்தொலைபேசியின் கடைசி ஐந்து இலக்கம். அது உங்கட காரின் பின்கண்ணாடியில் "விற்பனைக்கு" என்று ஒருநாள் ஒட்டுகிற அதே இலக்கம் என்பதை நினைவில் வையுங்கோ.

இன்னொன்று, பொத்தானில் விழுகிற தடம். ரப்பர் பொத்தானில் எழுத்துத் தேயும், தொடுபலகையில் விரல் எண்ணெய் படியும். பார்க்கிறவனுக்கு எந்தப் பொத்தான்கள் என்று தெரிந்துவிட்டால் மிஞ்சுவது ஒழுங்கு மட்டும்தான். உங்கட கோட் ஐந்து பொத்தானையும் ஒவ்வொருக்காத் தொட்டால் 120 ஒழுங்கு. நாலு பொத்தானைத் தொட்டு ஒன்று இரண்டு தரம் வந்தால் 240. மூன்று பொத்தான் என்றால் 150, இரண்டு என்றால் வெறும் 30. ஆகவே நாலு பொத்தான், ஒன்று இரட்டிப்பு என்பதுதான் நல்ல கோட். பனிக்காலத்தில் கார் முழுக்க உப்புத் தூசி படிந்திருக்க, நீங்கள் தொடுகிற இடம் மட்டும் துப்புரவாக மின்னும். தொடும்போது பட்டை முழுவதையும் உள்ளங்கையால் ஒருக்காத் துடைத்துவிடுங்கோ.

விற்றவருக்குத் தொழிற்சாலைக் கோட் தெரிந்திருந்தால்? தெரிந்தபடிதான் இருக்கும். அதை மாற்ற வழி இல்லை, கதவு மின்பெட்டியையே மாற்றினால் ஒழிய. அந்தச் செலவு இதற்குப் பெறுமதியில்லை. காருக்குள் என்ன வைக்கிறீர்கள் என்பதைத்தான் மாற்றவேணும். வீட்டுக் கராஜ் கதவின் ரிமோட், வீட்டு முகவரி உள்ள கடிதங்கள், வீட்டுத் திறப்பு, மடிக்கணினி ஒன்றும் இரவில் உள்ளே இருக்கக்கூடாது. காருக்குள் இருந்து பொருள் களவுபோனால் இங்கே வாகனக் காப்புறுதி பொதுவாக அதைப் பார்க்காது, வீட்டு அல்லது வாடகைக் குடியிருப்புக் காப்புறுதிதான் பார்க்கும். பேஸ்மென்ற் (வீட்டின் நிலக்கீழ்த் தளம்) வாடகைக்கு எடுத்திருப்பவர்களில் கனபேரிடம் அந்தக் காப்புறுதியே இருக்காது.

பனிக்காலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கனடாவில் இருந்து பதில் எழுதினதாகவே கணக்கில்லை. உங்கட கீபேட் தொடுபலகை. தடித்த கையுறையோடு தொட்டால் பல நேரம் உணராது. கையுறையைக் கழற்றி விரல் நுனியை வைத்து எடுக்கவேணும், குத்தக்கூடாது. உறைமழை பெய்து பட்டையின் மேல் பனிக்கட்டி படலமாக மூடியிருந்தாலும் தொடுவதை உணராது. கொதிநீரை ஊற்றாதையுங்கோ, கண்ணாடியும் வெடிக்கும், ஊற்றினது திரும்ப உறைந்து கதவு ரப்பரையும் ஒட்டிவிடும். உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்குங்கோ, அல்லது காருக்கு விற்கிற பனியகற்றும் திரவத்தை மெதுவாகத் தெளியுங்கோ. சுரண்டியை அந்தப் பட்டையில் பாவித்தால் கீறல் நிரந்தரமாக நிற்கும்.

கீபேட் ஓடுவது காரின் 12 வோல்ட் பற்றரியில். அது செத்தால் கீபேடும் செத்துவிடும், ரிமோட்டும் உதவாது. அதற்குத்தான் ரிமோட்டின் உடலுக்குள் ஒரு சின்ன இரும்புத் திறப்பு மறைந்திருக்கிறது. பக்கத்துச் சின்னப் பிடியை அழுத்தி இழுத்துப் பாருங்கோ, இன்றைக்கே. சாரதிக் கதவுக் கைப்பிடியில் திறப்புத் துவாரத்தைச் சில மாடல்களில் ஒரு மூடி மறைத்திருக்கும். இரும்புத் திறப்பால் திறந்ததும் அபாய ஒலி கத்தினால் பதறவேண்டாம், பதிவுத் திறப்போடு காரை ஒன் செய்தால் நின்றுவிடும். கார்ப் பற்றரி நல்லது, ரிமோட்டின் சில்லறைக் காசு அளவுப் பற்றரி மட்டும் செத்தது என்றால் கீபேட்தான் உங்கட தெய்வம்: கோட்டை அடித்து ஏறி, திறப்பை அந்த மாற்று இடத்தில் வைத்து இயக்கலாம்.

திறப்பை உள்ளே மறந்துவிட்டுப் பூட்டினால் இந்தக் கார் பெரும்பாலும் ஹோர்ன் அடித்துத் திரும்பத் திறந்துகொள்ளும். ஆனால் வெளியே நின்று கீபேடில் 7·8, 9·0 அழுத்திப் பூட்டினால் "வேணுமென்றுதான் உள்ளே வைக்கிறார்" என்று எடுத்துக்கொள்ளும், திறக்காது. ஏரிக்கு நீந்தப் போகிறவர்களுக்கு இது வசதி. கோட் தெரியாமல் பழகிப் பார்க்கப் போனால் சி.ஏ.ஏ.யை (வீதியில் நிற்கிற வாகனங்களுக்கு வந்து உதவுகிற கனடிய வாகனச் சங்கம்) கூப்பிட்டுவிட்டுக் குளிரில் நிற்கவேண்டிவரும். உங்களுக்குக் கோட் கையில் வரும்வரை அந்த இரண்டு பொத்தானையும் தொடாதையுங்கோ. நீந்தப் போகிறவருக்கும் ஒரு சொல்: உள்ளே திறப்பு இருக்கும்போது கோட் தெரிந்தவருக்குக் காரும் சேர்ந்துதான் கிடைக்கிறது.

பழுது என்று பார்த்தால் மூன்று நாலு விதம்தான். ஒளியே வராது, மற்றதெல்லாம் வேலை செய்கிறது என்றால் முதலில் கதவுக்கும் உடலுக்கும் இடையே ரப்பர்க் குழாய்க்குள் போகிற வயர்களைப் பார்க்கச் சொல்லுங்கோ. சாரதிக் கதவுதான் ஆகக் கூடுதலாகத் திறந்து மூடுகிறது, குளிரில் வயரின் உறை விறைத்து உடையும். ஒளி வருகிறது, கோட் ஏற்கவில்லை என்றால் 7·8, 9·0 இரண்டையும் சேர்த்து அழுத்திப் பாருங்கோ. பூட்டினால் அந்த இரண்டு பொத்தானும் வயரும் நல்லது, பிழை கோட்டிலோ மற்ற மூன்று பொத்தானிலோ இருக்கிறது. மழையிலும் கார்க் கழுவுமிடத்திலும் தானாக ஒளிர்ந்தால் அது பழுதல்ல, தண்ணீரை விரல் என்று நினைக்கிறது. பழைய ரப்பர் கீபேட்களில் ரப்பர் வெடித்துத் தண்ணீர் உள்ளே போவதுதான் சாவுக்குக் காரணம்.

கீபேடை மாற்றினால் கோட் மாறுமோ என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். மாறாது. கோட் இருப்பது உள்ளே உள்ள மின்பெட்டியில், கதவில் இருப்பது வெறும் பொத்தான். ஆகவே உடைப்புக் கடையில் வேறு காரில் கழற்றின பட்டையை வாங்கிப் போட்டாலும் உங்கட பழைய கோட்தான் ஓடும். மாடல் வருடமும் வயர்ப் பூட்டும் ஒத்து வந்தால் போதும். ஒட்டுகிற, வயர் இல்லாத கீபேட் வேறு கதை. அதற்குத் தனிப் பற்றரி, தனிக் கோட், தனி அட்டை. ரிமோட்டைப் பதிகிற மாதிரிக் காரோடு பதியவேணும். பழைய, திருகுகிற திறப்பு மாடல்களில் ஓஃபில் இருந்து ஒன்னுக்கு எட்டுத் தரம், பத்து செக்கனுக்குள் திருகினால் பதியும் நிலைக்குப் போகும். அந்த நிலைக்குப் போனதும் முன்பு பதிந்த ரிமோட்டுகள் அழிந்துவிடும் என்பதால் எல்லா ரிமோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே இருப்பில் பதிந்து முடிக்கவேணும்.

ஒன்று மட்டும் கடைசியாக. வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தனிக் கோட் ஒன்றை மனைவிக்கும் வைத்து, இருவரும் அதை மனப்பாடமாக்குங்கோ. தொலைபேசியில் சேமித்தால், அந்தத் தொலைபேசியே காருக்குள் அகப்பட்டுவிடும். பிள்ளை உள்ளே, திறப்பும் உள்ளே, கோட் வேலை செய்யவில்லை என்று ஒரு நேரம் வந்தால் சி.ஏ.ஏ.க்கு எடுத்துக் காத்திருக்காதையுங்கோ. கோடையோ குளிரோ, 911 ஐ அழையுங்கோ.